குங்குமம் வைத்த கேமரா

மடக்குக் கேமராவின் லென்ஸைச் சுற்றி எழுதியிருக்கும் பெயரை நம்பக்கூடாது. லென்ஸைச் செய்தவன் ஒருவன், அதைத் திறந்து மூடும் ஷட்டரைச் செய்தவன் இன்னொருவன், பெட்டியைச் செய்தவன் மூன்றாமவன். முதல் இரண்டு பேரும் தங்கள் பெயரை முன்பக்கத்தில் பளிச்சென்று எழுதிக்கொள்வார்கள். பெட்டிக்காரன் மட்டும் கைப்பிடிக்கு அடியிலோ மூடியின் ஓரத்திலோ, விரலால் தடவினால்தான் தெரியும்படி, தோலில் அழுத்திவிட்டுப் போயிருப்பான். இதில் பாதி எனக்குப் பத்து வயதிலேயே பிடிபட்டது. என் மாமாவுக்கு அப்போது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது; அவருக்குப் பிடிபடவில்லை. பெருமைக்காகத்தான் சொல்கிறேன். எனக்குப் பெருமைப்பட அதிகம் கிடையாது, இருப்பதை விடுவதாக இல்லை.

அதன் பிறகு எங்கெங்கோ சுற்றிவிட்டேன். கல்யாணச் சமையல் குழுவில் காய் நறுக்கினேன், ஊட்டி லாட்ஜில் போர்வை துவைத்தேன், கொச்சியில் இறால் உரித்தேன். எந்த ஊருக்குப் போனாலும் பழைய சாமான் கடை எங்கே என்று முதலில் கேட்பேன். இப்போது ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கண்ணாடித் தகட்டுக் கேமராக்கள் இருக்கின்றன. பெட்டியை மைசூரில் அம்மாவிடம் விட்டிருக்கிறேன். எல்லாம் ஒரு தசராவில் ஆரம்பித்தது.

மாமா அம்மாவுக்கு அண்ணன். தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் குஜிரிக் கடை வைத்திருந்தார். பழைய இரும்பு, பேப்பர் வாங்கும் கடையை மைசூரில் அப்படித்தான் சொல்வார்கள். நாங்கள் எல்லையில் ஓடும் பாலாற்றுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக் கொளத்தூரிலிருந்து வந்தவர்கள். அப்பா சென்ட்ரிங் வேலைக்குக் கேரளா போனவர், அங்கேயே ஒரு குடும்பம் வைத்துக்கொண்டார். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு அண்ணன் கடைக்கு வந்து, இரும்பையும் பித்தளையையும் பிரிக்கிற வேலையில் உட்கார்ந்தாள். கடையின் பின்பக்கம், பேப்பர்க் கட்டுகளுக்கும் பாட்டில் மூட்டைகளுக்கும் நடுவில்தான் நாங்கள் தூங்கினோம். மழை வந்தால் முதலில் பேப்பரை நனையாமல் நகர்த்துவோம், பிறகு நாங்கள் நகர்வோம். எலிகள் எங்களைத் தொந்தரவு செய்ததில்லை. அவற்றுக்குப் பேப்பர் போதுமாக இருந்தது.

குஜிரிக் கடையில் சுத்தமான உலோகத்துக்குத்தான் மரியாதை. கலந்திருப்பதை உடைத்துப் பிரிக்க வேண்டும். மடக்குக் கேமரா என்பது கலப்படத்தின் உச்சம். உள்ளே மரம், மேலே தோல், லென்ஸைச் சுற்றிப் பித்தளை, தண்டவாளம் போல இரண்டு இரும்புப் பட்டை, நடுவில் தோல் துருத்தி, பிறகு கண்ணாடி. அம்மா அதை உடைத்து நாலைந்து குவியலில் போட வேண்டியிருக்கும்.

அக்ரஹாரத்திலிருந்து ஸ்கூட்டரில் ஒருவர் வருவார். தமிழர், ரயில்வேயில் அதிகாரியாக இருந்தவர். அவர் கண்ணாடித் தகட்டில் படம் பிடித்த காலத்து மடக்குக் கேமராக்களை மட்டும் சேர்ப்பவர். பிளேட் கேமரா என்பார்; பிலிம் சுருள் போடுகிற ரகத்தைத் தொடமாட்டார். அப்படி ஏதாவது வந்தால் போன் பண்ணும்படி மாமாவிடம் சொல்லிவைத்திருந்தார். அந்த வருஷம் கோடைக்காலத்தில் மாமாவுக்கு ஒரு மடக்குக் கேமரா கிடைத்தது. சந்து முழுக்கச் சொல்லிவிட்டு அவரை வரவழைத்தார். டீக்கடைக்காரர், எதிர்க்கடைப் பூக்காரர் எல்லாரும் கூடிவிட்டார்கள். ரயில்வேக்காரர் அதைக் கையில் வாங்கி, முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை, பின்பக்கத்தைத் திருப்பினார். அங்கே பொத்தான் அளவுக்கு ஒரு சிவப்புக் கண்ணாடி இருந்தது. பிலிம் சுருளில் எத்தனையாவது படம் என்று எண் பார்ப்பதற்கான ஜன்னல் அது. “இது பிலிம் கேமராப்பா. சிவப்பு ஜன்னல் இருக்கே, அதைக்கூடவா பாக்கல?” என்று சிரித்துவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. ஆனால் அன்றையிலிருந்து சந்தில் மாமாவுக்குப் பெயர் சிவப்பு ஜன்னல். பூக்காரர் காலையில் கடை திறக்கும்போதே, “என்ன சிவப்பு ஜன்னல், போணியாச்சா?” என்பார். மாமா அந்தக் கேமராவைத் தன் கையாலேயே உடைத்தார். உடைப்பதற்கு முன்னால் லென்ஸைச் சுற்றி இருந்த ஆங்கிலப் பெயரை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி மனப்பாடம் செய்துகொண்டார். இனி அந்தக் கம்பெனிக் கேமரா எது வந்தாலும் போன் கிடையாது, நேராகச் சுத்தியல்தான் என்று முடிவெடுத்தார். அவர் படித்த ஒரே கேமராப் பாடம் அது. அதுவும் தப்பான இடத்தைப் பார்த்துப் படித்தது.

தசரா லீவு விட்டிருந்தார்கள். ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால், அக்ரஹாரத்தில் ஒரு வீட்டில் பரண் சுத்தம் செய்து கொட்டிய சாக்கு ஒன்று கடைக்கு வந்தது. அதைப் பிரித்தவள் நான்தான். பித்தளைச் சொம்பு, நசுங்கிய லாந்தர், கொஞ்சம் தகரத் தகடுகள். அவற்றுக்கு அடியில் தோல் போர்த்திய ஒரு கறுப்புப் பெட்டி, கனமாக இருந்தது.

பெட்டியை எப்படித் திறப்பது என்று தெரியவில்லை. மாமா ஸ்க்ரூ டிரைவரை எடுத்து இடுக்கில் கொடுத்தார். நான் பெட்டியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு தடவிப் பார்த்தேன். மேல் ஓரத்தில் தோலுக்கு அடியில் கடலை அளவு ஒரு புடைப்பு தட்டுப்பட்டது. அழுத்தினேன். மூடி தானாக விழுந்து பலகையாக நின்றது. உள்ளே லென்ஸ் உட்கார்ந்திருந்தது. இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் பட்டையின் மேல் நகர்ந்து வந்தது. பின்னாலேயே துருத்தி மடிப்பு மடிப்பாக விரிந்தது. அம்மா கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள்.

மாமா குனிந்து லென்ஸைச் சுற்றிப் படித்தார். முகம் மாறியது.

“அதே கம்பெனி. ஒடைச்சுப் போடு.”

நான் பின்பக்கத்தைத் திருப்பினேன். சிவப்பு ஜன்னல் இல்லை. ஒரு தகர மூடி இருந்தது. அதன் ஓரத்தை நெம்பியதும் ஸ்பிரிங்கில் துள்ளி எழுந்தது. அதோடு மூன்று தோல் மடல்களும் கூடாரம் மாதிரி நிமிர்ந்தன. அடியில் பால் ஊற்றியது போல வெளுத்த கண்ணாடி. ஜன்னல் எங்கே என்று மாமாவைக் கேட்டேன். யாராவது அடைத்திருப்பார்கள் என்றார். கண்ணாடி ஏன் வெளுத்திருக்கிறது என்றேன். பூஞ்சை பிடித்துவிட்டது என்றார். எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. எழுதியிருக்கிற பேரே சொல்லும்போது அதற்கு மேல் என்ன விசாரணை என்பது அவர் கட்சி.

நான் தகரக் குவியலுக்குப் போனேன். அதே சாக்கில் வந்த தகடுகளை அம்மா ஏற்கெனவே அங்கே எறிந்திருந்தாள். தேடி எடுத்துப் பார்த்தால் அவை வெறும் தகடு இல்லை. ஒவ்வொன்றும் ஒல்லியான கூடு. மேலே இழுத்தால் மூடி வழுக்கிக்கொண்டு வந்தது. பால் கண்ணாடியைச் சட்டத்தோடு கழற்றினேன். அது இருந்த பள்ளத்தில் கூட்டை நுழைத்தேன். தீப்பெட்டி மூடுகிற மாதிரி கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. கண்ணாடித் தகட்டை வைக்கிற இடம் இதுதான், இது பிளேட் கேமராதான் என்று கத்தினேன். ரயில்வேக்காரர் சொன்ன அந்த வார்த்தை எனக்கு மனப்பாடமாகி இருந்தது.

மாமா அசரவில்லை. “பைப்புக்குள்ள எலிகூடத்தான் கச்சிதமாப் போவுது. அதுக்காகப் பைப்ப எலிக்காகவா செஞ்சான்?”

போன் பண்ணிக் கேட்கலாமே என்று அம்மா மெதுவாகச் சொன்னாள். மாமா சுத்தியலைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

“அந்தாளு முன்னாடி இன்னொருக்கா நான் செவப்பு ஜன்னலாகணுமா புள்ள? பூஜைக்கு முன்ன கடை சுத்தமாகணும். ஒடைச்சாத் தீந்துது.”

அப்போதைக்கு லாரி காப்பாற்றியது. இரும்பு ஏற்ற வந்த லாரிக்கு ஆள் போதவில்லை. மாமா சுத்தியலை வைத்துவிட்டுத் தூக்கப் போனார். மறுநாளும் சரக்கு ஏற்றுவதிலேயே போய்விட்டது. பூஜையன்று காலையில் முதல் வேலையாக உடைப்பதாகச் சொல்லிவிட்டுப் படுத்தார். மாமா சொன்னால் செய்துவிடுவார்.

ஆனால் ஆயுத பூஜைக் காலையில் மைசூரில் எவராலும் நினைத்ததைச் செய்ய முடியாது. பூசணிக்காய் வாங்க மார்க்கெட்டுக்குப் போனவர் கூட்டத்தில் மாட்டிக்கொண்டார். அம்மாவும் நானும் கடையைக் கழுவிவிட்டு வாழையிலை போட்டோம். இலையில் தராசு, எடைக்கற்கள், சுத்தியல், வெட்டிரும்பு, கயிறு கட்டிய காந்தம் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி வரிசையாக வைத்தோம். தள்ளுவண்டிக்கு வாழைக்கன்று கட்டினோம். ஒவ்வொன்றுக்கும் விபூதி பூசிக் குங்குமம் வைப்பது என் வேலை.

சுத்தியலுக்கு வைத்தேன். காந்தத்துக்கு வைத்தேன். பிறகு உள்ளே போய்க் கறுப்புப் பெட்டியை எடுத்துவந்து, அவை இரண்டுக்கும் நடுவில் வைத்து, மூடியின் மேல் மூன்று பட்டை இழுத்து நடுவில் ஒரு பொட்டு வைத்தேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் செவ்வந்திச் சரத்தில் ஒரு சாண் கிள்ளி, பெட்டியின் கைப்பிடியில் சுற்றினாள். பிறகு ஒன்றும் தெரியாதவள் போலக் கோலத்தைச் சரிசெய்யப் போய்விட்டாள்.

மாமா பூசணிக்காயும் டீக்கடைக்காரரும் பூக்காரருமாக வந்து சேர்ந்தார். நேரமாகிவிட்ட பதற்றத்தில் நேராகக் கற்பூரத்தை ஏற்றினார். தட்டு தராசைச் சுற்றியது, சுத்தியலைச் சுற்றியது, பிறகு கேமராவின் மேல் வந்து அப்படியே நின்றது. தட்டு ஏன் நின்றது என்று எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பூஜையில் வைத்ததை நடுவில் எடுக்கக்கூடாது; மறுநாள் வரை தொடவும் கூடாது. மாமாவுக்கு இதில் என்னைவிடப் பயம் அதிகம்.

“இது யாரோட ஆயுதம்?” என்றார்.

“என்னோடது” என்றேன்.

பூக்காரர் சிரித்தார். “செவப்பு ஜன்னலுக்கே பூஜை போட்டுட்டாங்களா? நல்லா இருக்கு போ.”

மாமா பல்லைக் கடித்துக்கொண்டு தீபாராதனையை முடித்தார். பூசணிக்காயை வழக்கத்தைவிட ஓங்கி உடைத்தார். ஒரு துண்டு டீக்கடை வரைக்கும் போனது.

எங்கள் ஆட்களிடம் இன்னொரு வழக்கம் உண்டு. பூஜை போட்ட கருவியை விஜயதசமியன்று எடுத்து, கொஞ்சமாவது வேலை வாங்க வேண்டும். இல்லையென்றால் அந்த வருஷம் தொழில் படுத்துவிடும். மறுநாள் காலையில் மாமா தராசில் ஒரு துண்டு இரும்பை நிறுத்தார். சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். காந்தத்தில் ஓர் ஆணியை ஒட்டவைத்து எடுத்தார். அடுத்தது கேமரா. என்னைப் பார்த்தார். சந்தே பார்த்தது.

“ஆயுதம்னு சொன்னீல்ல? வேல செய்ய வையி. செஞ்சுதுன்னா நான் தொடமாட்டேன். செய்யலீன்னா சாயங்காலம் இதே சுத்தியல்தான், அப்புறம் அழுவக்கூடாது.”

என்னிடம் கண்ணாடித் தகடு இல்லை. இருந்தாலும் அதைக் கழுவிப் படமாக்க எனக்குத் தெரியாது. ஆனால் கடைக்குள் வைத்து நோண்டியபோது ஒன்றைக் கவனித்திருந்தேன். லென்ஸின் மேல் சின்னச் சக்கரத்தில் மூன்று எழுத்துகள் இருந்தன. டி என்ற எழுத்தில் முள்ளை வைத்து விசையைத் தட்டினால், லென்ஸ் திறந்தபடியே நின்றது. அப்போது பால் கண்ணாடியில் ஏதோ மங்கலாக அசைந்தது. கடை இருட்டில் என்னவென்று தெரியவில்லை. நல்ல வெளிச்சம் வேண்டும், பார்க்கிற பக்கம் இருட்டு வேண்டும் என்று மட்டும் எனக்குப் புரிந்திருந்தது.

அன்றைக்குத்தான் யானை மேல் சாமுண்டியம்மன் வரும் அம்பாரி ஊர்வலம். சயாஜி ராவ் ரோட்டில் காலையிலேயே கூட்டம் வந்து உட்கார்ந்துவிட்டது. மத்தியானம் மாமாவும் டீக்கடைக்காரரும் தள்ளுவண்டியைச் சந்து முனையில், ரோட்டைப் பார்க்கக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அதன் மேல் பேப்பர்க் கட்டுகளை அடுக்கிக் கேமராவை வைத்தேன். அம்மாவின் கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு பின்பக்கத்து மடல்களுக்குள் முகத்தை வைத்தேன்.

வெறும் பால். வெளுப்பும் சாம்பலுமாக ஒரு கலங்கல், அவ்வளவுதான். கம்பளிக்கு வெளியே பூக்காரர் குரல் கேட்டது. “என்னம்மா, படத்துல கதாநாயகன் வந்துட்டானா?” என் கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது. மாமாவின் இடுப்பில் சுத்தியல் இருந்தது எனக்குத் தெரியும்.

பலகையின் ஓரத்தில் கையைக் கொண்டுபோனேன். அங்கே ஒரு திருகு தட்டுப்பட்டது. திருகினேன். லென்ஸ் பட்டையின் மேல் ஊர்ந்தது. கலங்கல் இன்னும் மோசமானது. மறுபக்கம் திருகினேன். சாம்பல் எல்லாம் ஒன்றாகச் சேர ஆரம்பித்தது. திடீரென்று கண்ணாடி முழுக்க ஜனங்கள். நிறத்தோடு, அசைந்துகொண்டு, கூரையிலிருந்து வௌவால் மாதிரி தொங்கிக்கொண்டு. கைக்குழந்தை தொங்கியது, பலூன்காரன் தொங்கினான், பலூன்கள் கீழ்நோக்கி மிதந்தன. அடியில் ஆகாசம் நீலமாகக் கிடந்தது. டொள்ளு மேளம் அடிக்கிறவர்கள் தலைகீழாகக் குதித்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பின்னால் யானை வந்தது. நான்கு கால்களையும் வானத்தில் ஊன்றிக்கொண்டு, நெற்றிப் பட்டம் மினுங்க, கீழே தங்க அம்பாரியைத் தொங்கவிட்டபடி, என் உள்ளங்கை அகலத்துக்குள் அது நிதானமாக நடந்தது.

நான் கம்பளியிலிருந்து வெளியே வந்து மாமாவைப் பிடித்து உள்ளே தள்ளினேன். கம்பளிக்குள்ளிருந்து மாமாவின் குரல் மெதுவாக வந்தது.

“ஏம்புள்ள, யானை செத்துப்போச்சா?”

தலைகீழாகத் தெரிகிறது, அவ்வளவுதான் என்றேன். சாமுண்டியம்மனைத் தலைகீழாகப் பார்ப்பது பாவம் என்று அம்மா பதறினாள். அதற்கென்ன, திருப்பினால் போயிற்று என்று மாமா கேமராவைத் தூக்கித் தலைகீழாக வைத்தார். கம்பளிக்குள் போனார். யானை அப்போதும் தலைகீழாகவே போனது. படுக்க வைத்துப் பார்த்தார். அப்போதும் அப்படியே. எத்தனை விதமாகப் புரட்டினாலும் கேமரா தன் கட்சியை விடவில்லை. மாமாவை அப்படி ஒரு பொருள் தோற்கடித்து நான் பார்த்ததில்லை. டீக்கடைக்காரர், “நீ யானையத்தான் திருப்பணும் அண்ணா” என்றார்.

அதற்குள் வண்டியைச் சுற்றி வரிசை சேர்ந்துவிட்டது. நிஜ ஊர்வலம் பக்கத்திலேயே போய்க்கொண்டிருந்தது. எல்லார் கையிலும் மொபைல் இருந்தது. இருந்தாலும் அதைக் கீழே இறக்கிவிட்டுக் கம்பளிக்குள் நுழைய நின்றார்கள். ஒரு கிழவி உள்ளே போய், அம்மனை நேராகப் பார்ப்பதற்காகத் தன் தலையைக் கவிழ்த்து, முழங்காலுக்கு இடையில் பார்க்க முயன்று, கம்பளியோடு சரிந்தாள். பூக்காரர் வரிசையில் நின்றார். அவர் முறை வந்தபோது மாமா கையை நீட்டித் தடுத்து, கூட்டம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

“செவப்பு ஜன்னல் இருக்கான்னு நல்லாப் பாத்துக்க. இது கண்ணாடித் தகடு போடற கேமரா. நான் பாத்தவொடனே சொன்னேன்.”

நான் மறுக்கவில்லை. ஜெயித்தது யார் என்று எனக்குத் தெரிந்தால் போதாதா? பூக்காரர் உள்ளே போய் வெளியே வந்து, கூடையிலிருந்து ஒரு மல்லிகைப் பந்தை எடுத்து என் தலையில் வைத்தார்.

அதற்கடுத்த வாரம் மாமாவே ரயில்வேக்காரருக்குப் போன் பண்ணினார். அவர் வந்து முதலில் பின்பக்கத்தைத் திருப்பினார், கூடுகளைப் பார்த்தார், துருத்தியை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தேடினார். கடைசியில் கைப்பிடியை நிமிர்த்தி அதன் அடியில் விரலை ஓட்டினார். அங்கே வேறொரு பெயர் இருந்தது. ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்த ரகம் என்றார். நான் மாமாவைப் பார்த்தேன். கொடுத்துவிடுவார் என்றே நினைத்தேன்.

“அது குடுக்கறதுக்கு இல்லீங் சார். பூஜை போட்ட ஆயுதம். இவளோடது” என்றார் மாமா. பிறகு தராசுக்குப் பக்கத்தில், இதுவரை அவர் மட்டுமே உட்கார்ந்திருந்த ஸ்டூலை இழுத்துத் தட்டினார். “இனிமே இந்த மாதிரிச் சாமானெல்லாம் இவதான் பாத்துச் சொல்லுவா. எதுன்னாலும் இவளக் கேட்டுக்குங்க.”

நான் ஏறி உட்கார்ந்தேன். கால் தரையைத் தொடவில்லை. ரயில்வேக்காரர் என்னை மேடம் என்று கூப்பிட்டு, அடுத்து ஒன்று கிடைத்தால் தனக்குத் தரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு டீ வாங்கப் போய்விட்டாள்.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று என்னை யாரும் எழுப்பவில்லை. நானாகவே எழுந்து, முகம் கழுவி, ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன். மாமா அதிசயமாக எனக்கும் ஒரு முழு டீ வாங்கிக் கொடுத்தார். என் வகுப்புப் பிள்ளைகள் தோளில் பையோடு சந்து வழியாக வரிசையாகப் போனார்கள். அவர்களைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.